தூக்க ஆய்வில் மூளை அலைகள்: ஒரே நோயாளிக்கு இரண்டு அறிக்கைகள் இவ்வளவு மாறுபடுமா?

காவிரிக்கரையாள் (கேள்வி):

அனைவருக்கும் வணக்கம். என் தந்தைக்கு வயது 58. பல ஆண்டுகளாகக் கடும் குறட்டை உண்டு. பகலில் செய்தித்தாளைக் கையில் பிடித்தபடியே கண்ணயர்ந்துவிடுவார். சென்ற ஆண்டு ஒரு மருத்துவமனையில் இரவு முழுவதும் தங்கவைத்துத் தூக்க ஆய்வு செய்து, கடுமையான ஸ்லீப் ஆப்னியா (தூக்கத்தில் மூச்சு அடிக்கடி தடைபடும் நோய்) என்று கூறினார்கள். சில மாதங்கள் கழித்து வேறோர் ஊருக்குக் குடிபெயர்ந்ததால், அங்குள்ள ஆய்வகத்தில் சீபாப் கருவி (முகமூடி வழியே காற்றழுத்தம் தந்து மூச்சுப்பாதையைத் திறந்து வைப்பது) இல்லாமல் மீண்டும் ஓர் இரவு ஆய்வு நடந்தது. இரண்டு அறிக்கைகளையும் அருகருகே வைத்துப் பார்த்தபோதுதான் குழப்பம் தொடங்கியது.

மணிக்கு எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்னும் கணக்கு முதல் அறிக்கையில் 46, இரண்டாவதில் 41. இதை ஏற்றுக்கொள்ள முடிகிறது. ஆனால் மூளை அலைகளைக் கொண்டு சொல்லப்படும் எண்கள் வேறு வேறு மனிதர்களுடையவைபோல் உள்ளன. ஆழ்ந்த தூக்கமான என்3 முதலாவதில் 3 விழுக்காடு, இரண்டாவதில் 14 விழுக்காடு. மேலோட்டமான என்1 முறையே 31, 18. மணிக்கு நிகழும் குறுவிழிப்புகள் (மூளை சில விநாடிகள் மட்டும் விழிப்பை நோக்கி எழுவது) 44, 27. மொத்தத் தூக்க நேரம் இரண்டிலும் ஏறத்தாழ ஆறு மணி நேரம்.

ஆழ்ந்த தூக்கம் குறைந்தால் நினைவாற்றல் பாதிக்கப்படும் என்று எங்கோ படித்துவிட்டு, அந்த 3 விழுக்காட்டை நினைத்து அம்மா மிகவும் கவலைப்படுகிறார். ஆப்னியா உள்ளவர்களிடம் எடுக்கப்படும் இ.இ.ஜி. (மூளை அலைப் பதிவு) அளவீடுகளை எந்த அளவுக்கு நம்பலாம்? இயந்திரம் தவறுகிறதா, அதைப் படிப்பவர்கள் தவறுகிறார்களா, அல்லது அப்பாவின் தூக்கமே இரவுக்கு இரவு இப்படி மாறுகிறதா?

இரவுப்பணி:

அம்மா, நான் தூக்க ஆய்வகத்தில் தொழில்நுட்பராகப் பணிபுரிகிறேன். இத்தகைய பதிவுகளைப் பக்கம் பக்கமாகப் படித்து நிலை குறிப்பதுதான் என் அன்றாட வேலை என்பதால், அந்த எண்கள் எப்படி உருவாகின்றன என்பதிலிருந்து தொடங்குகிறேன்.

தலையில் ஒட்டும் மின்முனைகள் மைக்ரோவோல்ட் அளவிலான மின்னழுத்த வேறுபாட்டைப் பதிகின்றன. அந்தப் பதிவை 30 விநாடித் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொரு துண்டுக்கும் விழிப்பு, என்1, என்2 (இடைப்பட்ட ஆழம்), என்3, ஆர்.இ.எம். (கனவு மிகுந்த தூக்கம்) ஆகிய ஐந்தில் ஒரு பெயரை மனிதர் ஒருவர் இடுகிறார். 30 விநாடி என்பது மூளை வகுத்த எல்லை அன்று. காகிதத்தில் பதிந்த காலத்தில் தாள் விநாடிக்கு 10 மில்லிமீட்டர் வேகத்தில் ஓடியது. 30 சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு பக்கத்தில் 30 விநாடி அடங்கியது. காகிதம் போய்விட்டது, பக்கத்தின் அளவு மட்டும் விதியாக நின்றுவிட்டது.

நல்ல உடல்நலம் உள்ளவரிடம் இதனால் பெரிய தொல்லை இல்லை, ஏனெனில் ஒரு நிலை பல நிமிடங்கள் நீடிக்கும். உங்கள் தந்தைக்கோ மணிக்கு நாற்பதுக்கு மேற்பட்ட மூச்சுத்தடைகள். அதாவது ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை மூச்சு தடைபட்டு, பெரும்பாலான முறைகளில் மூளை சில விநாடிகள் விழிப்பை நோக்கி எழுந்து மீண்டும் அமிழ்கிறது. ஒரே பக்கத்தின் முதற்பாதி என்2 ஆகவும் நடுவில் விழிப்பாகவும் கடைசியில் என்1 ஆகவும் இருக்கும்போது, பக்கத்தின் பெரும்பகுதி எதுவோ அதன் பெயரை இட வேண்டும் என்கிறது விதி. எது பெரும்பகுதி என்பதில் இருவர் கருத்து மாறுபடுவது வெகு எளிது.

இதைவிட முக்கியமான விதி ஒன்று உண்டு. என்2 நிலையில் இருப்பவருக்குக் குறுவிழிப்பு வந்துவிட்டால், அதற்குப் பின் ஸ்பிண்டில் (சிறிது நேரமே நீடிக்கும் வேகமான அலைக்கொத்து) அல்லது குறுவிழிப்போடு சேராத கே-காம்ப்ளெக்ஸ் (தனித்து எழும் பெரிய அலை) மீண்டும் தோன்றும்வரை அந்தத் தூக்கத்தை என்1 என்றே குறிக்க வேண்டும். ஆகவே எவ்வளவு குறுவிழிப்புகளைக் குறிக்கிறோமோ அவ்வளவு என்1 கூடும். உங்கள் முதல் அறிக்கையில் குறுவிழிப்பும் என்1-உம் சேர்ந்தே உயர்ந்து, இரண்டாவதில் சேர்ந்தே தாழ்ந்திருப்பதைப் பாருங்கள். அவை இரண்டு தனித்தனி முரண்பாடுகள் அல்ல. குறுவிழிப்பைக் குறிப்பதில் ஏற்பட்ட ஒரே வேறுபாடு இரண்டு எண்களிலும் தெரிகிறது என்றே எனக்குத் தோன்றுகிறது.

குறுவிழிப்பின் வரையறையையும் பாருங்கள். குறைந்தது 10 விநாடி நிலையான தூக்கத்துக்குப் பிறகு, அலைகளின் அதிர்வெண் திடீரென மாறி, அந்த மாற்றம் 3 விநாடியாவது நீடிக்க வேண்டும். 2.8 விநாடி நீடித்ததை ஒருவர் விட்டுவிடுவார், மற்றவர் தொடக்கப் புள்ளியைச் சற்று முன்னே வைத்து 3.1 என்று எடுத்துக்கொள்வார். 1998-இல் டிரின்னன் குழுவினர் இங்கிலாந்தில் 14 ஆய்வகங்களிடம் ஒரே நிகழ்வுகளைக் கொடுத்துக் குறிக்கச் சொன்னபோது, தற்செயலான ஒற்றுமையைக் கழித்த பின் எஞ்சும் உடன்பாட்டைச் சொல்லும் கப்பா மதிப்பு 0.47 மட்டுமே வந்தது. முழு உடன்பாடு என்றால் அது 1 ஆக இருக்கும்.

தூக்க நிலைகளில் உடன்பாடு இதைவிட நன்றாகவே உள்ளது. அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாதெமி நடத்தும் ஒப்பீட்டுத் திட்டத்தில் 2,500-க்கும் மேற்பட்ட மதிப்பிடுநர்கள் ஒரே பக்கங்களைக் குறித்த முடிவு 2013-இல் வெளியானது. மொத்த உடன்பாடு 82.6 விழுக்காடு. நிலை வாரியாகப் பார்த்தால் ஆர்.இ.எம். 90.5, என்2 85.2, விழிப்பு 84.1, என்3 67.4, என்1 63. நீங்கள் எந்த இரண்டு நிலைகளைக் கண்டு திகைத்தீர்களோ அவையே பட்டியலின் அடியில் இருக்கின்றன. ஆறு மணி நேரத் தூக்கத்தில் 720 பக்கங்கள் உள்ளன. அவற்றில் 17 விழுக்காட்டில் கருத்து வேறுபாடு என்றாலே ஒரு மணி நேரத் தூக்கத்துக்கு வேறு பெயர் விழுந்துவிடும். அந்த எண்ணும் எல்லா வகைப் பக்கங்களுக்குமான சராசரி. வெவ்வேறு நிலையங்களைச் சேர்ந்த ஐந்து மதிப்பிடுநர்களை வைத்து 2000-இல் நார்மனும் மற்றவர்களும் செய்த ஒப்பீட்டில், நலமானவர்களின் பதிவுகளில் 76 விழுக்காடாக இருந்த உடன்பாடு தூக்க மூச்சுக் கோளாறு உள்ளவர்களிடம் 71 ஆகக் குறைந்தது.

என்3 பற்றித் தனியே சொல்ல வேண்டும். உச்சிக்கு உச்சி 75 மைக்ரோவோல்ட்டைத் தாண்டிய மெதுவான அலைகள் பக்கத்தின் ஐந்தில் ஒரு பங்கில், அதாவது 6 விநாடியில் இருந்தால்தான் அது என்3. வயது ஏற ஏற, குறிப்பாக ஆண்களிடம், இந்த அலைகளின் உயரம் குறைகிறது. 58 வயதில் ஒருவருடைய அலைகள் 70-க்கும் 80-க்கும் இடையே ஊசலாடினால், மின்முனை சற்று இடம் மாறினாலே என்3 பாதியாகவோ இரட்டிப்பாகவோ ஆகலாம். 2007-க்குப் பிந்தைய விதிகள் நெற்றிப்பக்க மின்முனையில் அளக்கச் சொல்கின்றன; 1968-ஆம் ஆண்டின் பழைய விதிகளில் உச்சந்தலைப் பக்க மின்முனையே போதும். மெதுவான அலைகள் நெற்றிப்பக்கம்தான் உயரமாக இருக்கும். பழைய பழக்கத்தை விடாத மதிப்பிடுநர் கையில் பதிவு சிக்கினால் என்3 குறைவாகவே வரும்.

வியர்வையையும் மறந்துவிட வேண்டாம். ஆப்னியா நோயாளிகள் பலர் இரவில் மிகுதியாக வியர்ப்பார்கள். வியர்வையின் உப்பு மின்முனையோடு சேர்ந்து விநாடிக்கு ஒன்றுக்கும் குறைவான, பெரிய, சோம்பலான அலைகளை உண்டாக்கும். அனுபவம் குறைந்தவர் அதை ஆழ்ந்த தூக்கம் என்று எடுத்துக்கொள்வதுண்டு. எனவே 14 விழுக்காடுதான் நல்ல எண், 3 விழுக்காடு கெட்ட எண் என்று முடிவு செய்யவும் இடமில்லை. அறையின் குளிர்சாதனம் எப்படி இருந்தது என்று தந்தையிடம் கேட்டுப் பாருங்கள்.

அலைநீளம்:

மேலே எழுதியவர் சொன்னதோடு பெரிதும் உடன்படுகிறேன். நான் தூக்க இ.இ.ஜி.யைக் கணினியால் பகுத்தாயும் துறையில் இருப்பதால், கேள்வியின் வேறொரு பக்கத்தைத் தொடுகிறேன். நிலைகளுக்குப் பெயரிடுவதில் வரும் தடுமாற்றத்தை அளவீட்டின் நம்பகத்தன்மையோடு குழப்பிக்கொள்ளக் கூடாது.

நிலைப்பெயர்களை ஒதுக்கிவிட்டு, எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு ஆற்றல் இருக்கிறது என்று மட்டும் கணக்கிட்டால், மனிதனின் தூக்க இ.இ.ஜி. வியக்கத்தக்க அளவுக்கு நிலையானது. 2005-இல் ரோம் நகரில் டி ஜெனாரோ குழுவினர், ஏறத்தாழ 8 முதல் 16 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில் ஒவ்வொருவருக்கும் உள்ள அலை வடிவம் இரவுக்கு இரவு மாறாமல், தூக்கத்தைக் கெடுத்து மீளத் தூங்கவைத்த இரவிலும் அடையாளம் காணத்தக்கதாக இருப்பதைக் காட்டி, அதைக் கைரேகையோடு ஒப்பிட்டார்கள். ஆனால் அவர்கள் ஆராய்ந்தவர்கள் நலமான இளைஞர்கள்.

ஆப்னியா உள்ளவர்களிடம் அந்தக் கைரேகை அழிவதில்லை. அதன்மேல் பல அழுக்குகள் படிகின்றன. கீழ்முனையில் டெல்டா எனப்படும் மெதுவான அலைகளின் பகுதியை வியர்வையும் மூச்சு அசைவும் மாசுபடுத்துகின்றன. மேல்முனையில் பீட்டா எனப்படும் வேகமான அலைகளின் பகுதியை, ஒவ்வொரு மூச்சுத்தடையின் முடிவிலும் இறுகும் முகத்தசைகளின் மின்னோட்டம் மாசுபடுத்துகிறது. கழுத்து தடித்தவர்களிடம் காதுக்குப் பின்னுள்ள மின்முனை வழியாக இதயத்துடிப்பும் இ.இ.ஜி.க்குள் ஏறிவிடுகிறது, இரு காதுப் பக்கத்து மின்முனைகளையும் இணைத்து ஒப்புநோக்கினால் அது பெரும்பாலும் தணியும். ஆக, நடுப்பகுதியான ஸ்பிண்டில் அதிர்வெண்களை நம்பும் அளவுக்கு இரு முனைகளையும் நம்ப இயலாது.

அழுக்கான பக்கங்களை நீக்கிவிட்டால் போதும் என்று பலர் எண்ணுகிறார்கள். நோய் கடுமையாக இருப்பவரிடம் குறுவிழிப்பும் அசைவும் உள்ள பக்கங்களையெல்லாம் நீக்கினால், எஞ்சுவது அவருடைய இரவின் மிக அமைதியான சில பகுதிகள் மட்டுமே. நோய் எவ்வளவு கடுமையோ அவ்வளவு பக்கங்கள் போய்விடும். கடைசியில் நோயையே வடிகட்டிவிட்டு நோயாளியை அளந்தவர்களாகிவிடுவோம். ஆய்வுக் கட்டுரை எதைப் படித்தாலும் எத்தனை விழுக்காட்டுப் பக்கங்களை நீக்கினார்கள் என்பதை முதலில் தேடுவது என் வழக்கம்.

இன்னொரு சிக்கல், டெல்டா எப்போதும் நல்ல தூக்கத்தின் அடையாளம் அன்று என்பது. மூச்சு நின்றிருக்கும் அந்த அரைநிமிடத்துக்குள்ளேயே டெல்டா ஆற்றல் படிப்படியாக ஏறி, மூச்சு திரும்பும்போது சட்டென விழுவதை ஸ்வான்போர்கும் கில்லெமினோவும் 1996-இல் பதிவு செய்தார்கள். மூச்சுத்தடையின் முடிவில் விழிப்பலைகளுக்குப் பதிலாக டெல்டா அலைகள் கொத்தாகத் தோன்றுவதும் உண்டு. இவற்றையெல்லாம் கூட்டி இரவு முழுமைக்கும் ஒரே டெல்டா எண்ணைத் தந்தால், அமைதியான ஆழ்தூக்கமும் மூச்சுத் திணறலின் எதிரொலியும் அதில் ஒன்றாகக் கலந்திருக்கும்.

அதனால்தான் மான்ட்ரியாலில் மோன்ப்ளெசீர் குழுவினர் ஆர்.இ.எம். தூக்கத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அங்கே ஸ்பிண்டிலும் இல்லை, என்3-இன் பெரிய அலைகளும் இல்லை. எனவே மெதுவான அலைகளுக்கும் வேகமான அலைகளுக்கும் உள்ள விகிதம் மாறினால் அது தெளிவாகத் தெரியும். ஆப்னியா நோயாளிகளிடம் அந்த விகிதம் மெதுவான பக்கம் சாய்ந்திருந்ததையும், சில மாத சீபாப் சிகிச்சைக்குப் பின் அது குறைந்ததையும் அவர்கள் கண்டார்கள். உங்கள் அம்மாவின் கவலைக்கு என்3 விழுக்காட்டைவிட இத்தகைய அளவே பொருத்தமானது என்பது என் கருத்து. ஆனால் வழக்கமான மருத்துவமனை அறிக்கைகளில் அது இடம்பெறுவதில்லை.

மரு. வெண்ணிலவன்:

இருவரும் பதிவையும் படிப்பவரையும் மட்டுமே விசாரிக்கிறீர்கள். இரவை யாரும் விசாரிக்கவில்லை.

புதிய இடத்தில் முதல் இரவு தூக்கம் கெடும் என்பதை 1966-லேயே ஆக்னியூவும் வெப்பும் வில்லியம்ஸும் எழுதிவிட்டார்கள். முதல் ஆய்வின்போது உடலெங்கும் கம்பிகளோடு படுப்பது உங்கள் தந்தைக்கு முதன்முறை. இரண்டாவது ஆய்வில் அந்த அச்சம் தணிந்திருக்கும். மல்லாந்து படுத்த நேரம் இரண்டு இரவுகளிலும் ஒன்றுதானா? மாலையில் மது அருந்தினாரா? இவை ஒவ்வொன்றும் என்3-ஐயும் குறுவிழிப்பையும் உண்மையாகவே மாற்றக்கூடியவை. அளவீடு மாறினால் அளவுகோல் கோணல் என்று உடனே கொள்ளக் கூடாது. அளக்கப்பட்ட பொருளும் மாறியிருக்கலாம்.

இதைப் பிரித்தறிய எளிய வழி உண்டு. இரண்டு ஆய்வகங்களிடமும் மூலப் பதிவை ஈ.டி.எஃப். கோப்பாகக் கேட்டுப் பெறுங்கள். 1992 முதல் புழக்கத்தில் உள்ள பொது வடிவம் என்பதால் பெரும்பாலான கருவிகளின் மென்பொருள் அதை ஏற்றுமதி செய்யும். இரண்டு இரவுகளையும், எது எந்த ஆய்வகத்துடையது என்று சொல்லாமல், ஒரே மதிப்பிடுநரிடம் கொடுத்து மறுபடி குறிக்கச் சொல்லுங்கள். வேறுபாடு மறைந்துவிட்டால் அது படிப்பவர்களிடமிருந்து வந்தது; மறையாவிட்டால் இரவிடமிருந்தோ மின்முனையிடமிருந்தோ வந்தது.

சிகிச்சையைப் பொறுத்தவரை 46-உம் 41-உம் ஒன்றே. 30-க்கு மேல் போனாலே கடுமையான நோய். இந்த விவாதம் முடியும்வரை சீபாப்பைத் தள்ளிப்போட வேண்டாம்.

காவிரிக்கரையாள்:

மூவருக்கும் மிக்க நன்றி. முதல் ஆய்வகத்தைத் தொலைபேசியில் தொடர்புகொண்டேன். கோப்பு தருவதாகக் கூறியுள்ளார்கள். அந்த அறிக்கையின் கடைசிப் பக்கத்தில், நான் முன்பு கவனிக்காத இடத்தில், நிலைகள் மென்பொருளால் குறிக்கப்பட்டுப் பின்னர் சரிபார்க்கப்பட்டவை என்று ஒரு வரி உள்ளது. இது கவலைக்குரியதா? மேலும் என் சித்தப்பா, இத்தனை கம்பிகள் எதற்கு, வீட்டிலேயே விரலில் மாட்டும் கருவியும் மூக்குக்குழாயும் வைத்துச் செய்யும் சோதனை போதுமே, மூளை அலை இல்லாவிட்டால் இந்தக் குழப்பமே வராதே என்கிறார். முதல் ஆய்வுக்குச் சில நாட்கள் முன்பு அப்பா ஒரு தூக்க மாத்திரை எடுத்துக்கொண்டிருந்தார் என்பதும் இப்போதுதான் தெரியவந்தது. பெயர் நினைவில்லை என்கிறார்.

அலைநீளம்:

மென்பொருள் குறித்தது என்பதாலேயே தாழ்வானது அன்று. 2021-இல் கோபன்ஹேகனிலிருந்து வெளிவந்த யூ-ஸ்லீப் போன்ற ஆழ்கற்றல் நிரல்கள் மனித மதிப்பிடுநர்களுக்கு இணையாகவே செயல்படுகின்றன. அவற்றுக்கு இரவு மூன்று மணிக் களைப்பும் இல்லை. ஆனால் அவை மனிதர்கள் குறித்த பதிவுகளிலிருந்தே கற்றுக்கொண்டவை. மனிதர்கள் உடன்படாத என்1 பக்கங்களில் அவையும் தடுமாறுகின்றன. நான் கூடுதலாக விரும்புவது, ஐந்து பெட்டிகளுக்குள் தூக்கத்தை அடைக்கும் முறையையே கைவிடும் அளவுகளை. வின்னிபெக்கில் மாக்டி யூனஸ் 2015-இல் முன்வைத்த குறியீடு 3 விநாடிக்கு ஒரு முறை தூக்கத்தின் ஆழத்தை 0 முதல் 2.5 வரை தொடர் எண்ணாகத் தருகிறது. ஒன்றரை நிமிடத்துக்கு ஒரு முறை கலையும் தூக்கத்தை 30 விநாடிப் பக்கத்தைவிட அது பொருத்தமாகப் பின்தொடரும். மென்பொருள் எது, சரிபார்த்தவர் எல்லாப் பக்கங்களையும் பார்த்தாரா என்று மட்டும் கேளுங்கள்.

இரவுப்பணி:

சித்தப்பாவின் கேள்விக்கு: வீட்டுச் சோதனை பலருக்குப் போதுமானதுதான், கடும் ஆப்னியா என்று ஐயப்படுபவர்களுக்கு அதுவே முதற்படியாகவும் செய்யப்படுகிறது. ஆனால் மூளை அலை இல்லாவிட்டால் குழப்பம் மறையாது, கண்ணுக்குத் தெரியாமல் போகும். ஒருவருக்கு இரவில் 240 மூச்சுத்தடைகள் வருகின்றன, அவர் ஆறு மணி நேரம் தூங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள், மணிக்கு 40. அவர் எப்போது தூங்கினார் என்பதே தெரியாத வீட்டுக் கருவி, படுக்கையில் இருந்த எட்டு மணி நேரத்தால் வகுத்து 30 என்று சொல்லும். ஆக்சிஜன் குறையாமல் குறுவிழிப்போடு மட்டும் முடியும் பகுதி மூச்சுத்தடைகளையும் (மூச்சு முழுதும் நிற்காமல் குறைபவை) அது எண்ணாது. உங்கள் தந்தைக்கு முடிவு மாறாது. எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு நோயே இல்லை என்று வந்துவிடும்.

மாத்திரை விவரம்தான் இந்த இழை முழுவதிலும் மிகப் பயனுள்ள செய்தி. தூக்க மாத்திரைகள் பலவும் பென்சோடயசெபீன் வகையைச் சேர்ந்தவை அல்லது அதே ஏற்பியில் செயல்படுபவை. அவை ஸ்பிண்டில்களையும் பீட்டா அலைகளையும் கூட்டி, மெதுவான அலைகளின் உயரத்தைக் குறைக்கும். உயரம் 75 மைக்ரோவோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் தூக்கம் எவ்வளவு நீண்டிருந்தாலும் என்3 என்ற பெயர் கிடைக்காது. ஆய்வு இரவிலும் எடுத்தாரா, அல்லது முன்னரே நிறுத்திவிட்டாரா என்பதும் வேண்டும், ஏனெனில் திடீரென நிறுத்தியதும் சில நாட்கள் தூக்கம் கலைந்தே இருக்கும். பழைய மருந்துச் சீட்டைத் தேடி எடுத்து, பெயரும் அளவும் கடைசியாக எடுத்த நாளும் ஒரு தாளில் எழுதி, மறுபடி குறிக்கப்போகும் கோப்போடு சேர்த்துவிடுங்கள். சீபாப்போடு அடுத்த ஆய்வு நடக்கும்போதும் அதே தாளைப் புதுப்பித்துக் கொடுங்கள். அந்த முதல் சீபாப் இரவில் என்3-உம் ஆர்.இ.எம்.-உம் வழக்கத்தைவிட மிக உயர்ந்து வருவது இயல்பு என்பதால், அந்த எண்ணை இந்த 3-உடனோ 14-உடனோ ஒப்பிட வேண்டாம் என்று அம்மாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள்.